கையில் செருப்போடு ஒருவர்

பிப்ரவரி 6

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆமாம், நானேதான். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. சந்தேகமாக இருந்தால் எழுத்தைப் பார். இவ்வளவு கோணலாக வேறு யார் எழுதுவார்கள்?

காலையில் ஆரம்பித்தேன். முதல் நாலு வரி முடிவதற்குள் டீ ஆறிவிட்டது. தோள்பட்டை விண்விண் என்று தெறிக்கிறது. வாழ்நாள் முழுக்கச் சாரத்தில் நின்று பெயிண்ட் அடித்தபோது வலிக்காத தோள், இந்தக் குச்சிப் பேனாவைப் பிடித்தால் வலிக்கிறது. ஒரு முழுச் சுவரை அடித்து முடிக்கிற களைப்பு ஒரு பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆனாலும் விட மனசில்லை. எத்தனையோ சுவர்களில் யார் யாரோ எழுதி வைத்திருந்ததை என்னவென்றே தெரியாமல் பெயிண்ட் அடித்து மூடியவன் நான். இப்போது ஒரு எழுத்தைப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா இருந்தவரை எந்தத் தாள் வந்தாலும் அவளே படித்துச் சொல்லிவிடுவாள். அவள் போனபிறகு கரண்ட் பில்லைக்கூட எதிர் வீட்டு நர்ஸிடம் நீட்ட வேண்டியிருந்தது. அதனால்தான் நூலகத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். போன வாரம் டீச்சர், "உங்க பிள்ளைங்க என்ன வேலை பண்றாங்கன்னு நாலு வரி எழுதிட்டு வாங்க" என்றார். நான் "என் மகள் போட்டோ" என்று எழுதிவிட்டு நின்றுபோனேன். பக்கத்தில் உட்காரும் வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "என்னய்யா, பெத்த பொண்ணு போட்டோவாவே ஆயிட்டாளா?" என்று கேட்டுவிட்டார். வகுப்பே சிரித்தது.

நீ போட்டோ எடுக்கிறவள் இல்லை என்று தெரியும். யாரோ எடுத்ததை வைத்து என்னமோ செய்கிறாய். என்ன செய்கிறாய்? போனில் கேட்கலாம். ஆனால் என் மந்தக் காதுக்குப் போனில் உன் குரல் தகர டப்பாவுக்குள் தேனீ புகுந்த மாதிரித்தான் கேட்கிறது. அம்மா போனபிறகு போனில் நாம் பேசுவதுதான் என்ன? "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." "மாத்திரை?" "ஆச்சு." அதோடு வைத்துவிடுகிறோம்.

எழுது. மெதுவாகப் படிப்பேன். ஆனால் விடாமல் படிப்பேன்.

அப்பா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் பிரித்தேன். தாளைத் திருப்பித் தடவினால் பின்பக்கம் முழுக்கப் புடைத்திருக்கிறது. இப்படி அழுத்தினால் தோள் வலிக்காமல் என்ன செய்யும்? கொஞ்சம் இலேசாகப் பிடியுங்கள்.

என் வேலையைச் சொல்கிறேன். ஒரு போட்டோக்காரர் மூன்று வருஷம் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்திருப்பார். ஆயிரக்கணக்கில் இருக்கும். அதில் எண்பதைப் பொறுக்க வேண்டும். பொறுக்கியதைச் சின்னதாக அச்சிட்டு, இரும்புப் பலகையில் காந்தம் வைத்து ஒட்டி, எதற்குப் பிறகு எது என்று மாற்றி மாற்றிப் பார்ப்பேன். புத்தகத்துக்கு ஒரு வரிசை. கண்காட்சியில் ஆட்கள் நடந்துகொண்டே பார்ப்பார்கள், அதற்கு வேறு வரிசை. இணையப் பக்கத்துக்கு ஒன்று. போனுக்கு இன்னொன்று. போனில் எல்லாமே நெட்டுக்குத்தாக வேண்டும் என்பார்கள், அகலமான படத்தை ஓரம் வெட்டித்தான் நுழைக்க முடியும். ஒரே முகங்களை நாலு விதமாக அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கி, இப்போது எந்த முகமும் மனசில் ஒட்டுவதில்லை. வீட்டுக்குப் போனால் கண்ணாடியில் என் முகத்தையே வைப்பதா, கழிப்பதா என்று பார்க்கிறேன். இதை நாலு வரியாக்கி டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்களிடம் வேறொன்று கேட்க வேண்டும். இப்போது கையிலிருப்பது ஒரு ஆஸ்பத்திரியில் எடுத்த படங்கள். நோயாளிகள் யாரும் இல்லை. கூட வந்து காத்துக் கிடப்பவர்கள் மட்டும். வராந்தா, படிக்கட்டு, மருந்து வாங்கும் வரிசை. போன மாதம் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தபோது ஒரு படத்தில் நீங்கள் இருந்தீர்கள்.

அதை இதோடு வைத்திருக்கிறேன். பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். மடியில், இரண்டு கைக்குள், அம்மாவின் பழைய செருப்பு. வார் அறுந்த இடத்தில் நீலக் கம்பி சுற்றியிருக்கிறது. அதனால்தான் தெரிந்தது.

எடுத்த தேதி படத்தோடு பதிவாகியிருக்கும். அம்மா போவதற்கு ஐந்து மாதம் முன்பு. அந்த மாதமெல்லாம் நான் போன் செய்தால், "அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா" என்றீர்கள்.

நீங்கள் என் அப்பா என்று போட்டோக்காரருக்குத் தெரியாது. ஆபீஸிலும் சொல்லவில்லை. அவர் இந்தப் படம்தான் அட்டை, கண்காட்சி வாசலிலும் இதுதான் என்று நிற்கிறார். நீங்கள் அன்றைக்குக் கைநாட்டு வைத்துக் கொடுத்த சம்மதத் தாள் இருக்கிறது. எல்லோருக்கும் அது போதும். எனக்குப் போதாது. புதுத் தாள் ஒன்று அனுப்பியிருக்கிறேன். புத்தகம், கண்காட்சி, இணையம் என்று மூன்று கட்டம். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். படியுங்கள். வேண்டாமென்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். நான் எடுத்துவிடுகிறேன். ஏப்ரல் நடுவில் புத்தகம் அச்சுக்குப் போகிறது.

உங்கள் மகள்

*

மார்ச் 1

அன்புள்ள வாலுக்கு,

படம் வந்தது. நான் இவ்வளவு கிழவனா? எதிர் வீட்டு நர்ஸிடம் காட்டினேன். "தாத்தா, நீங்க சினிமாவுக்கே போயிருக்கலாம்" என்றாள். வாட்ச்மேன் மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "படத்துல நல்லாத்தான் இருக்கீரு. நேர்லதான் சரியில்ல" என்றார். பொறாமை.

எனக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்தாயா? கீழ்ப் பாதி பச்சை ஆயில் பெயிண்ட். ஒரு கோட்டிங்கோடு ஏமாற்றியிருக்கிறார்கள், அடியில் பழைய மஞ்சள் தெரிகிறது. உன் கண்காட்சிச் சுவருக்கு என்ன கலர்? வெள்ளை என்று சொன்னால் எந்த வெள்ளை என்று கேள்.

அந்தத் தாளையும் படித்தேன். மூன்று நாள் ஆயிற்று. எழுதியவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை போல. மூச்சு முட்டுகிறது. ஆனால் புரிந்துவிட்டது. மூன்று கட்டத்திலும் டிக் போட்டுவிட்டேன். அட்டையில் வருவதென்றால் சும்மாவா? கையெழுத்து மட்டும் இன்னும் போடவில்லை. முதல் கையெழுத்து, அசிங்கமாக விழுந்துவிடக் கூடாது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நீ என்னமோ பெரிதாக நினைக்கிறாய். அம்மாவை எக்ஸ்ரேக்கு உள்ளே கூப்பிட்டார்கள். செருப்போடு வரக் கூடாது என்றார்கள். வெளியே விட்டால் எவளாவது மாட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அந்த நேரம் பார்த்து அந்த ஆள் வந்து, "ஐயா, ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?" என்றார். "என்னை எடுத்து என்னத்தப் பண்ணப் போறீங்க" என்றேன். எடுத்தார். அவ்வளவுதான் விஷயம்.

அப்பா

*

மார்ச் 9

அப்பாவுக்கு,

அவ்வளவுதான் விஷயமா?

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. சுவர் பெயிண்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கு உடம்பு முடியாமல் இருந்திருக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நான் ஒரு வேற்றாள் எடுத்த படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, ஆபீஸில், பக்கத்தில் இரண்டு பேர் நின்று "என்ன அருமையான வெளிச்சம்" என்று பேசிக்கொண்டிருக்கும்போது.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் பாதத்தில் வெடிப்பு என்று மெத்தென்று இருக்கும் செருப்பு ஒன்று வாங்கி அனுப்பினேனே. ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் "செருப்பு போட்டிருக்கியாம்மா?" என்று கேட்பேன். "போட்டிருக்கேன்டி, போட்டிருக்கேன்" என்பாள். படத்தில் இருப்பது பழசு. அப்படியானால் அதுவும் பொய். நீங்கள் இரண்டு பேரும் எனக்கு உண்மை என்று சொன்னது எது?

நீங்கள் இப்படிச் சந்தோஷமாகச் சம்மதிப்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்பீர்கள், உங்கள் பேரைச் சொல்லிப் படத்தை எடுத்துவிடலாம் என்றிருந்தேன். தினமும் அந்தப் பலகை முன்னால் நிற்கிறேன். எல்லாப் படத்தையும் நகர்த்துகிறேன், உங்கள் படத்தை மட்டும் தொட முடியவில்லை. அலுத்துவிட்டது அப்பா.

புத்தகத்தின் மாதிரி ஒன்று அனுப்புகிறேன். போனில் எப்படி வரும் என்பதை நர்ஸுக்கு அனுப்பியிருக்கிறேன், காட்டச் சொல்லுங்கள். முழுவதும் பாருங்கள். பார்த்தபிறகாவது வேண்டாம் என்று எழுதுங்கள்.

மகள்

*

மார்ச் 17

மகளுக்கு,

பார்த்தேன். இந்தக் கடிதத்தை இலேசாகப் பிடித்து எழுத முடியவில்லை.

புத்தகத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கீழே "கையில் செருப்போடு ஒருவர்" என்று போட்டிருக்கிறது. நானே படித்தேன். பக்கத்தைத் திருப்பினேன். காலிக் கட்டில். விரிப்பை எடுத்துவிட்ட வெறும் கட்டில், ஜன்னல், வேறொன்றும் இல்லை. மறுபடி முன்பக்கம் திருப்பினேன். மறுபடி கட்டில். நர்ஸும் கூட உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்கு அம்மாவைத் தெரியும், அன்றைக்கு நடந்ததும் தெரியும். அவளே "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் கட்டில் யாருடையது? அம்மா அன்றைக்குக் கட்டிலில் படுக்கவே இல்லை. நீ எங்கிருந்தோ ஒரு கட்டிலைக் கொண்டுவந்து எனக்குப் பின்னால் போட்டு அவளைக் கொன்றுவிட்டாய். ஐந்து மாதம் முன்கூட்டியே.

போனில் பார்த்தால் அதைவிட மோசம். என் மணிக்கட்டோடு வெட்டியிருக்கிறாய். செருப்பைக் காணோம். இரண்டு கையையும் எதையோ வாங்கப் போகிறவன் மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாரிடம் பிச்சை கேட்கிறேன்? எத்தனை ஓரம் இருக்கிறது, மேலே அவ்வளவு சுவர் இருக்கிறது, அதை விட்டுவிட்டு அவள் செருப்பை வெட்டுவானேன்?

என்ன நடந்தது என்று கேட்டாயே, கேள். அவள் எக்ஸ்ரே அறையிலிருந்து வெறுங்காலோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். "என்னங்க, செருப்பைப் பச்சப்புள்ள மாதிரி மடியில வெச்சுத் தாலாட்டறீங்களா? குடுங்க இப்படி!" என்று வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள். கேமராக்காரர் சிரித்துக்கொண்டே இன்னொன்று எடுத்தார். அது எங்கே? டாக்டர் நெஞ்சில் சளி, மாத்திரை போதும் என்றார். பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். ஜன்னல் சீட்டுக்கு என்னோடு சண்டை போட்டு அவள்தான் உட்கார்ந்தாள். "வாலு கிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "எதுக்கு? அவ போட்டதைப் போட்டபடி ஓடி வருவா. வந்து எக்ஸ்ரேயைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாளா?" என்றாள். சளி சரியாகிவிட்டது. கடைசியில் வந்தது வேறு. அது எங்களுக்கும் சொல்லிவிட்டு வரவில்லை.

டிக் மூன்றின் மேலும் கோடு போட்டு அடித்துவிட்டேன். கையெழுத்து கிடையாது.

அப்பா

*

மார்ச் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டு நாள் உங்கள் கடிதத்தைப் பையிலேயே வைத்திருந்தேன். பிறகு ஆபீஸில் சொல்லிவிட்டேன், படத்தில் இருப்பது என் அப்பா என்று. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா என்று மேலதிகாரி ஒரு பார்வை பார்த்தார். போட்டோக்காரர் பலகையிலிருந்து உங்கள் படத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு, "உங்கம்மா நல்லாத் திட்டுவாங்க இல்ல?" என்றார். அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

கட்டிலை எடுத்துவிட்டேன். அது வேறு வார்டு, வேறொரு நோயாளி குணமாகி வீடு திரும்பியபிறகு எடுத்தது. உங்கள் படத்துக்குப் பிறகு ஒரு அமைதி வேண்டும் என்று நான்தான் வைத்தேன். எல்லோரும் நல்ல வரிசை என்றார்கள். உங்களைத் தவிர யாரும் அங்கே ஒரு சாவைப் படிக்கவில்லையா, அல்லது படித்துவிட்டுத்தான் நல்ல வரிசை என்றார்களா, தெரியவில்லை.

செருப்பை வெட்டியதும் நான்தான். நெட்டுக்குத்து வடிவத்துக்கு வேறு வழியில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். வழி இருந்தது. அந்த நீலக் கம்பியைப் பார்த்துக்கொண்டு என்னால் வேலை செய்ய முடியவில்லை. இப்போது போனிலும் படம் முழுசாக, படுக்கைவாக்கிலேயே வரும். மேலேயும் கீழேயும் கறுப்பாகக் கொஞ்சம் இடம் விழும். போனுக்கான பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள் "யாரும் நின்னு பார்க்க மாட்டாங்க, தள்ளிட்டுப் போயிடுவாங்க" என்று முனகுகிறார்கள். போகட்டும்.

அந்த இன்னொரு படம் கிடைத்துவிட்டது. கழித்தவற்றில் கிடந்தது. நானே ஒருமுறை கழித்திருக்கிறேன், யார் என்றுகூடப் பார்க்காமல். ஏனென்றால் படமாகப் பார்த்தால் அது குப்பை. எல்லாம் ஆடியிருக்கிறது. முகம் பாதி வெளியே. கை ஒரு கோடு மாதிரி நீள்கிறது. கால் மட்டும்தான் தெளிவு. இரண்டு வெறும் பாதம், வெடிப்பு உட்பட. இதோடு வைத்திருக்கிறேன்.

போட்டோக்காரர் இப்போது இதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போடலாம் என்கிறார். நீங்கள் அட்டையில், அம்மா கடைசியில். நான் பலகையில் வைத்துப் பார்த்தேன் அப்பா. புத்தகமே எழுந்து நிற்கிறது. இத்தனை மாதத்தில் முதல்முறையாக ஒரு படத்தைப் பார்த்து எனக்குக் களைப்பு போயிற்று. எனக்கும் ஆசையாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்வதுதான் முடிவு. புதுத் தாளும் இருக்கிறது. அதில் அம்மாவின் படத்துக்கும் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்.

வாலு

*

ஏப்ரல் 4

அன்புள்ள வாலுக்கு,

படத்தை அலமாரியில் வைத்திருக்கிறேன். நர்ஸ் பார்த்துவிட்டு, "என்ன தாத்தா, ஒண்ணுமே தெரியல" என்றாள். எனக்குத் தெரிகிறது. சத்தம்கூடக் கேட்கிறது. காது கேட்காதவனுக்கு அது போதாதா?

தாளைப் படித்தேன். இந்தத் தடவை ஒரே நாளில் முடித்துவிட்டேன். என் படத்துக்கு மூன்று கட்டத்திலும் டிக். கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. ஓரம் வெட்டிவிடாதே.

அம்மாவின் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கோபத்தில் இல்லை. என்னிடம் அந்த ஆள் கேட்டார். கைநாட்டு என்றாலும் கேட்டு வாங்கினார். அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குள் டாக்டர் கூப்பிட்டுவிட்டார், அப்படியே நாங்கள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டோம். வெறுங்காலோடு அவளை எல்லோரும் பார்க்க அவள் சம்மதிக்க மாட்டாள். அந்த வெடிப்பை எனக்கே காட்ட மாட்டாள். அவள் எத்தனையோ தாளில் எனக்காகப் படித்து, இங்கே வையுங்க என்று என் பெருவிரலைப் பிடித்து வைத்திருக்கிறாள். இதில் அவளுக்காக நான் வைக்க மாட்டேன். புத்தகம் உட்கார்ந்தே இருக்கட்டும். உனக்கு வருத்தமாக இருக்கும். களைப்பு திரும்ப வரும். தெரிந்துதான் சொல்கிறேன்.

செருப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன தடவை கோபத்தில் விட்டுவிட்டேன். அவள் உன்னிடம் பொய் சொல்லவில்லை. புதுச் செருப்பைப் பெட்டியோடு போனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். போன் அடித்தால் முதலில் அதை எடுக்க மாட்டாள். "இருங்க இருங்க, எடுக்காதீங்க" என்று ஓடிவந்து, பெட்டியைத் திறந்து, செருப்பை மாட்டிக்கொண்டுதான் எடுப்பாள். நீ கேட்பாயே, "செருப்பு போட்டிருக்கியாம்மா?" "போட்டிருக்கேன்டி." வைத்ததும் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுவாள். "வீட்டுக்குள்ள செருப்பாடி இவளே?" என்று கேட்டால், "பின்ன, புள்ள கிட்டப் பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்பாள். மணி அடித்தும் எடுக்கவில்லை என்று நீ எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறாய். அதற்குக் காரணம் இதுதான். வெளியே போட்டுக்கொண்டு போனால் தேய்ந்துவிடும், தேய்ந்தால் நீ கேட்கும்போது என்ன சொல்வது என்று பழசையே இழுத்துக்கொண்டு திரிந்தாள்.

அந்தப் பெட்டியை இதோடு அனுப்பலாம் என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் உள்ளே அவள் விரல் பதிந்த பள்ளம் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் என்னிடமே இருக்கட்டும்.

கை வலிக்கிறது. அடுத்த பக்கம் திருப்பத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய். நீ சொல்வது எதுவும் கேட்காது, பரவாயில்லை, வழக்கமாகக் கேட்பதைக் கேள். நான் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் எடுப்பேன். குனிந்து வார் மாட்ட எனக்கு அவளைவிட நேரமாகும்.

அப்பா